ஓட்டுப் பொத்தல் வழியா வந்த கிரகணம்

ஜனவரி 4, திங்கள்

ஸ்டெல்லா டீச்சருக்கு எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு மேல என்ன கோவமோ தெரியல. அரையாண்டு லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறந்த அன்னைக்கே மூணு வீட்டுப்பாடம். ஒண்ணு, இன்னையிலேருந்து மாசி மாசம் முடியுற வரைக்கும் தெனமும் நிலாவைப் பாத்துப் படம் வரையணும். தெரியலைன்னா ‘தெரியவில்லை’ன்னு எழுதணும். ரெண்டு, மூணு வகைப் பாறைக்கும் ஒவ்வொரு கல்லு. மூணாவதுதான் பெருசு. பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம் கங்கண சூரிய கிரகணமாம். எங்க ஊருலயே முழு வளையமாத் தெரியுமாம். அட்டையில ஊசித்துளை போட்டு, வெளிச்சத்தைத் தாள்ல விழவச்சு, அந்த உருவத்தை வரைஞ்சுட்டு வரணும். அதுக்கு மட்டும் இருபது மார்க்.

நிலாவை ரஃப் நோட்டுல வரைவேன். மத்ததெல்லாம் இந்த டைரியில. இது அப்பாவோட சைக்கிள் கடைக்கு டயர் கம்பெனிக்காரன் குடுத்தது. அப்பா ‘பெரமு, நீயே வச்சுக்கோ’ன்னுட்டாரு. பிரம்மசக்திங்கிற பேரை எங்க வீட்டுல யாரும் முழுசாக் கூப்பிடுறது இல்ல.

வீட்டுல நாலு பேருதான். அம்மா, அப்பா, நான், மதினி. அண்ணன் லிங்கதுரை பம்பாயில ஒரு மளிகைக் கடையில நிக்கான், வருசத்துக்கு ஒருதரம் வருவான். அவன் பொண்டாட்டிதான் மதினி, பேரு ஆவுடைச்செல்வி. எட்டாம் மாசம். தலைப்பிரசவத்துக்கு எல்லாரும் அம்மா வீட்டுக்குப் போவாவ, மதினிக்கு அம்மா இல்ல. அவிய அப்பா ரெண்டாங்கல்யாணம் பண்ணிக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டாரு. அதனால பிரசவம் எங்க வீட்டுலேருந்துதான்.

கிரகணம்ன்னு சொன்னதும் அம்மா கையில இருந்த அகப்பையைக் கீழ வச்சுட்டா. என்னைக்கு, எத்தனை மணிக்குன்னு மட்டும் கேட்டா. மார்க்கைப் பத்திக் கேக்கல.

ஜனவரி 6, புதன்

நிலா காலையில குழாயடியில தண்ணி பிடிக்கும்போது உச்சியில பாதியா நின்னுச்சு. வரிசையில நின்னுக்கிட்டே வரைஞ்சேன். என் குடத்தை ஒருத்தி பின்னால தள்ளிட்டா. அறிவியலுக்காகப் பட்ட நஷ்டம்.

மதினிக்கு உளுந்தங்களி கிண்டணும். உளுந்து ஈரமா இருக்குன்னு முத்தத்துல சாக்கு விரிச்சுக் காயப்போட்டேன். அம்மா பாத்துட்டு, “யாருட்டி ஒன்னைக் காயப்போடச் சொன்னா?”ன்னு சாக்கோட சுருட்டி உள்ள கொண்டு போயிட்டா. எங்க தெருவுல எல்லா வீட்டு முத்தத்துலயும் வத்தலோ நெல்லோ காஞ்சுக்கிட்டுதான் கெடக்கும். எங்க முத்தம் மட்டும் மொட்டையா இருக்கும். ஏன்னு கேட்டா, கோழி கிண்டும்பா. எங்க தெருவுல கோழியே கிடையாது.

ஜனவரி 9, சனி

தீப்பாறைக்கு உடைஞ்ச அம்மியில ஒரு மூலை. படிவுப்பாறைக்கு லாரியிலேருந்து விழுந்த சுண்ணாம்புக்கல். உருமாறின பாறைக்குச் சலவைக்கல் துண்டு, அது மட்டும் அப்பா வாங்கிக் குடுத்தாரு. மூணையும் கழுவித் துடைச்சுப் பேரு எழுதி ஒட்டியாச்சு.

சாயங்காலம் மதினி என்னைப் பாத்திரக்கடைக்கு அனுப்பிச்சாவ. பிள்ளைக்குப் பால் புகட்டுற எவர்சில்வர் பாலாடை ஒண்ணு வேணுமாம், மூக்கு நீளமா இருக்கணுமாம். “பிள்ளை பொறக்கதுக்கு முன்ன எதுவும் வாங்கக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாளே மதினி?”ன்னு கேட்டேன். “வாங்கிட்டு வா பெரமு. அத்தைகிட்டச் சொல்லாத”ன்னாவ. வாங்கிக் குடுத்ததும் டிரங்குப் பெட்டிக்கு அடியில, பழைய சேலைக்குள்ள சுத்தி வச்சுட்டாவ. தாய்ப்பால் குடிக்கப்போற பிள்ளைக்குப் பாலாடை எதுக்கோ. பெரியவங்க காரியம்.

ஜனவரி 13, புதன்

இன்னைக்கு எங்க வீட்டுக் கன்னிக்குப் படையல். கன்னின்னா கல்யாணம் ஆகாமலே செத்துப்போன வீட்டுப் பொண்ணு. பொங்கலுக்கு முந்தின நாள் அவளுக்குப் புதுத்துணி எடுத்து ஓலைப்பெட்டியில வச்சுக் கும்புடணும். பக்கத்து வீட்டுக் கன்னிக்கு ஆளு உடுத்துற தாவணியே எடுப்பாவ. எங்க கன்னிக்கு மட்டும் வருசா வருசம் ஒரு சாண் பாவாடை.

“இதைக் கைக்கொழந்தைதான் உடுத்தும். கன்னி இதை எப்படிம்மா உடுத்துவா?”

“சாமிக்கு என்னட்டி அளவு? விளக்கைத் தூண்டி விடு.”

யாரு அந்தக் கன்னின்னு கேட்டா அப்பா எந்திரிச்சு வெளிய போயிருவாரு. இன்னைக்கும் போனாரு.

ஜனவரி 15, வெள்ளி

இருபது மார்க் போச்சுன்னுதான் காலையில நெனச்சேன். பதினோரு மணிக்கே அம்மா மதினியை உள்ரூம்புக்குள்ள விட்டு, ஜன்னலைச் சாத்தி, இடுக்குல எல்லாம் பழைய சேலையைத் திணிச்சா. சோத்துப்பானையில தர்ப்பைப்புல்லைப் போட்டா. அரிவாள்மணையைத் தூக்கிப் பரண் மேல வச்சா. “படுத்துக்கோ ஆவுடை. எதையும் நறுக்காத, கிழிக்காத. நகத்தைக் கடிக்காத. ஊசி நூலு பக்கமே போகாத.” அப்புறம் என் பக்கம் திரும்பினா. “நீயும் உள்ள போ. அவளுக்குத் துணை. வெளிய காலை வச்சே, ஒடிச்சிருவேன்.”

ஊசித்துளை போட்ட அட்டையோட அப்பாகிட்டப் போய் நின்னேன். அப்பா எப்பவும் என் கட்சிதான். இன்னைக்கு, “அம்மா சொல்லுததைக் கேளு தாயி”ன்னு சொல்லிட்டுத் தரையைப் பாத்தாரு. அம்மா எங்க ரெண்டு பேரையும் உள்ள விட்டு, வெளியில கொண்டி போட்டுட்டு, கதவுகிட்டயே உக்காந்துகிட்டா.

உள்ள கும்மிருட்டு. நான் அழுதுகிட்டு இருந்தேன். கண்ணு இருட்டுக்குப் பழகினதும் தரையில ஒரு வெளிச்சப் பொட்டு தெரிஞ்சுது. எங்க வீடு ஓட்டு வீடு. ஐப்பசி மழையில ஒரு ஓடு நகந்து சின்னப் பொத்தல், சுண்டுவிரல் கூட நுழையாது. அது வழியா விழுற பொட்டு எப்பவும் வட்டமா இருக்கும். இன்னைக்கு ஒரு ஓரத்துல கடிச்ச அப்பளம் மாதிரி இருந்துச்சு.

மேல ஓட்டையும் கீழ தரையையும் மாறி மாறிப் பாத்தேன். துளை ஓட்டுல இருக்கு, தாளு தரையில இருக்கு. டீச்சர் செய்யச் சொன்ன பெட்டிக்குள்ளதான் நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம். சாக்கட்டியை எடுத்துப் பொட்டைச் சுத்தி வரைஞ்சேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா அது நகந்திருந்துச்சு, இன்னும் மெலிஞ்சிருந்துச்சு. அதையும் வரைஞ்சேன். இப்படியே தரையில ஒரு வரிசை.

மதினி எந்திரிச்சு உக்காந்து பாத்தாவ. “பயமா இல்லையா மதினி?”

“எனக்கு இனிமே என்ன பயம் பெரமு?”

ஒரு மணிக்கு மேல வெளிய காக்கா கத்துச்சு, அப்புறம் அதுவும் அடங்கிப்போச்சு. தரையில பொட்டோட ரெண்டு கொம்பும் நீண்டு நீண்டு ஒண்ணாச் சேந்து முழு வளையம் ஆச்சு. கைக்கொழந்தைக்குப் போடுற வளையல் அளவு. நான் இதுவரைக்கும் பாத்ததுலயே அழகான சாமான் அதுதான். மதினி முதல்ல உள்ளங்கையை நீட்டி அதை வாங்கினாவ. பொறவு கிட்ட நகந்து உக்காந்தாவ. வளையம் அவிய வயித்து மேல விழுந்துச்சு. “ஒன் மருமவளுக்கு வளையல் போட்டாச்சு”ன்னு சிரிச்சாவ. நானும் சிரிச்சேன்.

அந்தச் சத்தத்துக்குத்தான் அம்மா கதவைத் திறந்தா. வயித்து மேல கிடந்த வளையத்தைப் பாத்தா. சாக்கட்டியோட நின்ன என்னைப் பாத்தா. மதினி நகரல. அம்மா கத்தவும் இல்ல, அடிக்கவும் இல்ல. வந்து மதினியைத் தோளைப் பிடிச்சு இழுத்துச் சுவரோரம் உக்கார வச்சா. பொத்தலுக்கு நேரா நின்னுகிட்டு முந்தானையைத் தலைக்கு மேல விரிச்சா. கிரகணம் விடுற வரைக்கும் அப்படியே நின்னா. வளையம் அவ முந்தானை மேலயே விழுந்து, தேஞ்சு, பொறவு பொட்டா மாறிச்சு.

எனக்கு அடி விழாததுதான் பயமா இருக்கு.

ஜனவரி 16, சனி

அம்மா பேசல. தரையில போட்ட சாக்கட்டிக் கோட்டை எல்லாம் சாணி போட்டு மெழுகிட்டா. நல்லவேளை, முந்தியே நோட்டுல பாத்து வரைஞ்சுட்டேன்.

ஜனவரி 19, செவ்வாய்

இருபதுக்கு இருபது. நான் மட்டும்தான். மத்தவளுக எல்லாம் பேப்பர்ல வந்த படத்தைப் பாத்து வரைஞ்சிருக்காளுக. “வீட்டையே கேமராவா ஆக்கிட்டியே”ன்னு டீச்சர் என் நோட்டை வகுப்பு பூராவும் காட்டினாங்க. வீட்டுல வந்து சொல்ல ஆளு இல்ல. அம்மா இப்பவும் ‘சாப்பிடு’, ‘குளி’ மட்டும்தான். மதினிகிட்டச் சொன்னேன், என் தலையைத் தடவிக் குடுத்தாவ.

ஜனவரி 30, சனி

தைப்பூசம். முழு நிலா. வரைய லேசு, வட்டம் போட்டா முடிஞ்சுது.

பிப்ரவரி 9, செவ்வாய்

மதினிக்குப் பொம்பளப் பிள்ளை பொறந்துருச்சு. அரசு ஆஸ்பத்திரியில, காலையில. நான் பள்ளிக்கூடம் விட்டு நேரா ஓடினேன். வராண்டாவுல அப்பா தலையில கைவச்சு உக்காந்திருந்தாரு.

பிள்ளைக்கு மேலுதடு பிளந்திருக்கு. மூக்குத் துவாரம் வரைக்கும். மத்தபடி கை கால் எல்லாம் நல்லா இருக்கு, கண்ணு பெருசா முழிக்கி. நான் பாத்துக்கிட்டே நின்னேன். அம்மா என் பக்கத்துல வந்து மெதுவாத்தான் சொன்னா, “பாத்தியா? ஒன் இருபது மார்க்கு.”

நான் சாப்பிடல. யாரும் சாப்பிடச் சொல்லவும் இல்ல.

பிப்ரவரி 11, வியாழன்

பிள்ளைக்கு மார்ல பால் இழுக்க வரல. உள்ள போற பாலு உதட்டுப் பிளவு வழியா வெளிய வழியுது. நர்ஸ் அக்கா ஒருதரம் சொல்லிக் குடுத்துட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க. மதினி பையிலேருந்து அந்தப் பாலாடையை எடுத்தாவ. ஊத்தினாவ, பாலு பிள்ளை கழுத்துல வழிஞ்சுது. அம்மா வெடுக்குன்னு பிடுங்கினா. பிள்ளையை நெட்டுக்கு நிமித்தித் தன் நெஞ்சோட சாச்சு, கன்னத்து ஓரமாப் பாலாடை மூக்கை வச்சு, சொட்டுச் சொட்டா விட்டா. நடுவுல நிறுத்தி முதுகைத் தட்டினா. ஒரு பாலாடைப் பாலும் உள்ள போச்சு.

நர்ஸ் அக்கா திரும்பி வந்து பாத்துட்டு, “யாரும்மா சொல்லிக் குடுத்தா?”ன்னு கேட்டாங்க. அம்மா பாலாடையைக் கழுவப் போயிட்டா. எனக்கும் தெரியல. எங்க சொந்தத்துல இப்படிப் பிள்ளை யாருக்கும் இருந்ததா நான் கேட்டதில்ல.

பிப்ரவரி 14, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாச்சு. தெருவுல உள்ளவளுக எல்லாம் பிள்ளை பாக்க வந்தாளுக. சீனியோட வந்தவளுக, எட்டிப் பாத்ததும் ‘அய்யோ, மூளியால்ல பொறந்திருக்கு’ன்னாளுக. அம்மா ஒவ்வொருத்திகிட்டயும் ஒரே பதில்தான் சொன்னா. கிரகணத்துல வந்தது. இந்தச் சனியன் படம் வரையுதேன்னு புள்ளைத்தாச்சிக்குக் காட்டிட்டா.

இந்தச் சனியன் அடுக்களையில ஏனம் கழுவிக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. மதினி உள்ள படுத்திருந்தாவ. ஒரு வார்த்தை பேசல. பிள்ளையைத் தூக்கப் போனேன். “தொடாத”ன்னா அம்மா.

அமாவாசை. தெரியவில்லை.

பிப்ரவரி 19, வெள்ளி

நாலு நாளா நிலா வரையல. டீச்சர் நோட்டைப் பாத்து, “ஏன் பிரம்மசக்தி, மேகமா?”ன்னு கேட்டாங்க. ஆமான்னு பொய் சொன்னேன். வானம் பளிச்சுன்னு இருந்துச்சு, பிறை நல்லாத் தெரிஞ்சிருக்கும். எனக்கு நிமிந்து பாக்கப் பயமா இருக்கு. கிரகணத்தால ஒண்ணும் ஆகாதுன்னு டீச்சர் வகுப்புல சொன்னாங்கதான். ஆனா டீச்சர் பிள்ளைக்கு உதடு நல்லா இருக்கு.

சாமி, என்னால வந்ததுன்னா எனக்கே அந்த உதட்டைக் குடுத்திரு. அவளுக்கு நல்ல உதட்டைக் குடு. டைரியில எழுதினா உனக்குக் கேக்குமான்னு தெரியல.

பிப்ரவரி 26, வெள்ளி

இன்னைக்கு அரை நாள்தான் பள்ளிக்கூடம். பிள்ளைக்கு எடை பாக்க மதினிக்குத் துணையா நான் போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனாலதான் என்னை அனுப்பிச்சா.

உதட்டைத் தைக்க வெளியூரிலேருந்து டாக்டருங்க வாராங்களாம். இப்ப பேரு குடுத்து வச்சா, பிள்ளைக்கு மூணு மாசம் முடிஞ்சு எடை கூடினதும் ஆபரேசன். காசு கிடையாது. தழும்பு கூட மெல்லிசாத்தான் இருக்கும்ன்னு சுவத்துல படம் ஒட்டியிருக்காங்க. தைக்கதுக்கு முன்ன, தைச்ச பொறவு. ஒரு பையன் பொறவு படத்துல பீப்பி ஊதுதான். நான் அதையே பாத்துக்கிட்டு நின்னேன்.

சீட்டு எழுதின நர்ஸ் அக்கா உள்ள மதினிகிட்டக் கேள்வி கேட்டாங்க. கதவு திறந்துதான் இருந்துச்சு. “பொறந்த பொறவுதான் தெரிஞ்சுதாம்மா?”

“இல்லக்கா. அஞ்சாம் மாசமே. ஸ்கேன்ல சொல்லிட்டாவ.”

அஞ்சாம் மாசம்ன்னா புரட்டாசி கடைசி, இல்ல ஐப்பசி. ஓடு நகந்த மழையே அப்பதான். கிரகணம் தையில.

பஸ்ஸுல மதினி பக்கத்துல உக்காரல. நின்னுக்கிட்டே வந்தேன்.

பிப்ரவரி 27, சனி

கேட்டேன். அம்மா ரேசன் கடைக்குப் போனதும் கேட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியல.

மதினி மறைக்கல. அஞ்சாம் மாசம் தனியாத்தான் ஸ்கேனுக்குப் போனாவளாம். டாக்டரம்மா திரையில காட்டி, ரெண்டாம் மாசத்துலயே ரெண்டு பக்கமும் வந்து ஒட்ட வேண்டிய உதடு ஒட்டலைன்னு சொன்னாவளாம். யாரும் எதுவும் செஞ்சதால வந்தது இல்ல, பொறந்த பொறவு தைச்சுரலாம்ன்னாவளாம். “வீட்டுல சொன்னா கலைக்கச் சொல்லுவாவளோன்னு பயம் பெரமு. ஒங்க அண்ணன்கிட்டக் கூடச் சொல்லல.”

“சரி. அப்ப என் மேல ஏன் போட்டீய?”

“நான் போடல.”

“போட்டதைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தீயள்ல? பழி ஓரிடம் பாவம் ஓரிடம்பாங்க. இங்க பழி மொத்தமும் என் தலையில.”

மதினி பிள்ளையையே பாத்துக்கிட்டுச் சொன்னாவ. “அன்னைக்கு அத்தை கதவைத் திறந்தப்ப நான் நகந்திருக்கலாம். நகரல. இதுவும் ஒரு காரணமா இருந்துட்டுப் போகட்டும்ன்னு அந்த நிமிசத்துல தோணிச்சு. நீ அவிய பெத்த மக. நாலு நாளு ஏசுவாவ, அஞ்சாம் நாளு சோறு போட்டுத்தான் ஆகணும். என் ரத்தத்துல வந்த கொறைன்னு என்னைப் பிள்ளையோட வெளிய தள்ளினா நான் எங்க போவேன், சொல்லு.”

அவிய சொன்னது புரிஞ்சுது. கோவம் மட்டும் அப்படியே இருந்துச்சு. அப்ப பிள்ளை முழிச்சுக்கிட்டு அழுதுச்சு. மதினி தூக்கி என் மடியில வச்சாவ. அவளை முத முதலா இன்னைக்குத்தான் தூக்கினேன். என் விரலைப் பிடிச்சுக்கிட்டா, அப்புறம் விடல. நான் அழுதேன். என்னால இல்ல, என்னால இல்லன்னு அவகிட்டச் சொன்னேன்.

மார்ச் 2, செவ்வாய்

மதினி ஆபரேசன் பேச்சை எடுத்தாவ. அம்மா ஒரே வெட்டா வெட்டிட்டா. “கிரகணம் கீறினதை மனுசன் தைக்கக் கூடாது. கத்தி பட்டா பிள்ளை தங்காது. கோயிலுக்கு நேந்திருக்கேன், அது போதும்.” அண்ணன்கிட்ட போன்ல கேட்டா, அம்மா சொல்லுதபடி செய்யின்னுட்டான். அவனுக்குப் பம்பாயிலேருந்து அது லேசு.

பேரு குடுக்கத் திங்கக்கிழமைதான் கடைசி.

மார்ச் 5, வெள்ளி

மதினி இன்னைக்குச் சொல்லுதேன், நாளைக்குச் சொல்லுதேன்னு தள்ளுதாவ. ‘சொல்லுங்க மதினி’ன்னு கண்ணைக் காட்டினா, கீரையை ஆயுறாவ. கீரை ஆஞ்சு முடிஞ்சா துணியை மடிக்காவ. சவம், நாமே சொல்லிரலாம்ன்னு இருக்கு. சொன்னா எனக்கு விடுதலை, மதினிக்கு என்ன ஆகும்ன்னு தெரியல. சொல்லலைன்னா பிள்ளைக்கு உதடு இப்படியேதான்.

அறிவியல் பாடத்துல பூமியோட அடுக்கு. மேலோடு, கவசம், கரு. படம் வரைஞ்சு பாகம் குறிச்சேன். கை பாட்டுக்கு வரையுது.

மார்ச் 7, ஞாயிறு

சொல்லிட்டேன்.

மத்தியானம் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தா. அப்பா பேப்பர் படிச்சாரு. மதினி வாசப்படியில பிள்ளையோட நின்னாவ. “நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா”ன்னேன்.

“வேண்டாம்ன்னு சொல்லியாச்சு.”

“போகணும்.”

“வாயை மூடுட்டி. ஒன்னால வந்த வெனை பத்தாதா?”

“என்னால வரல. கிரகணத்தாலயும் வரல. மதினிக்கு அஞ்சாம் மாசமே தெரியும். ஸ்கேன்ல பாத்தாச்சு. ரெண்டாம் மாசத்துல ஒட்ட வேண்டிய உதடு ஒட்டல, அவ்வளவுதான். கிரகணம் வந்தப்ப எட்டாம் மாசம். அதுக்கு முன்னாலயே பிள்ளை இப்படித்தான் இருந்திருக்கா.”

அம்மா கையில கீரைக்கொத்து அப்படியே நின்னுச்சு. “என்னளா ஆவுடை சொல்லுதா இவ?”

மதினிக்கு முகம் வெளுத்துப்போச்சு. ஆனா உறுதியாத்தான் சொன்னாவ. “ஆமா அத்தை. பயந்துபோய் மறைச்சுட்டேன். இவ மேல பழி விழுந்தப்பவும் வாயைத் திறக்கல. என்னை எங்க அனுப்பினாலும் போறேன். பிள்ளைக்கு மட்டும் ஆபரேசன் பண்ணிருங்க.”

முறம் பறக்கும்ன்னு நெனச்சேன். அம்மா மதினியைப் பாக்கவே இல்ல. என்னைத்தான் பாத்தா. “ரெண்டாம் மாசத்துலயேவா?”

“ஆமாம்மா.”

“நல்லாத் தெரியுமா? ரெண்டாம் மாசமா?”

“டாக்டரம்மா சொன்னதும்மா. பொறவு என்ன பண்ணினாலும் பிளக்காதாம். வெளிய வந்தாலும் வராட்டாலும்.”

அம்மா கீரையைக் கீழ வச்சா. முந்தானையில கையைத் துடைச்சா, துடைச்சுக்கிட்டே இருந்தா.

“எனக்கு அன்னைக்கு நெறமாசம்ட்டி”ன்னா.

எனக்கு முதல்ல புரியல. “நீ பொறக்கதுக்கு முன்ன ஒரு கிரகணம், முத்தத்துல உளுந்து காயப்போட்டிருந்தேன். சூரியன் மறைஞ்சு பாதி இருட்டு. கோழி வந்து கிண்டுச்சு. வெளிய வந்து ஒரு கை வீசி விரட்டிட்டு உள்ள போயிட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. அடுத்த வாரம் பொறந்தா. இதே உதடு. வாய்க்குள்ள அண்ணமும் இல்ல. பாலாடையில விட்டு விட்டுப் பாத்தேன். பத்து நாளைக்கு மேல நிக்கல. கோழிக்காகப் பிள்ளையைக் குடுத்தவன்னு ஊரே சொல்லிச்சு. நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டேன்.”

எனக்கு ஒரு அக்கா இருந்திருக்கா. அந்த ஒரு சாண் பாவாடை அவளுக்குத்தான்.

அப்பா பேப்பரை மடிச்சு வச்சாரு. “நான் அப்பவே சொன்னேன், ஒன்னால இல்லன்னு. பொறவு எதனாலன்னு கேட்டே. எனக்குச் சொல்லத் தெரியல”ன்னாரு.

அம்மா அழுது நான் பாத்ததே இல்ல. இன்னைக்கு வாயைப் பொத்திக்கிட்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதா. மதினிதான் முதல்ல போனாவ. பக்கத்துல உக்காந்து பிள்ளையை அம்மா மடியில வச்சாவ. அம்மா அந்தப் பிளந்த உதட்டை ஒரு விரலால தொட்டுத் தொட்டுப் பாத்தா. “ரெண்டாம் மாசத்துல”ன்னு அவகிட்ட மெதுவாச் சொன்னா.

எனக்கு அம்மா மேல இருந்த கோவம் எங்க போச்சுன்னு தெரியல. மதினி மேல கொஞ்சம் பாக்கி இருக்கு.

மார்ச் 8, திங்கள்

பேரு குடுத்தாச்சு. அம்மாவே வந்தா, முழங்கால் வலியோட. நர்ஸ் அக்கா பிள்ளை பேரு என்னன்னு கேட்டாங்க. நாங்க இன்னும் வைக்கலியேன்னு முழிச்சோம். “ஆபரேசனுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குல்லா, வைப்போம்”ன்னா அம்மா. திரும்பி வரும்போது பஸ்ஸுல என்னைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டா. மன்னிப்பெல்லாம் கேக்கல. ஒரு முறுக்கு வாங்கிக் குடுத்தா.

மார்ச் 10, புதன்

தெருவுல ஒருத்தி, கிரகணப் பிள்ளை எப்படி இருக்குன்னு கேட்டா. அம்மா வாசலுக்கே வந்து, “கிரகணமும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. வயித்துல இருக்கும்போதே ஒட்டல. தைக்கப் போறோம். வேற எதாவது வேணுமா?”ன்னா. அவ போயிட்டா.

காலையில தேய்பிறையைப் பாத்தேன். வரைஞ்சேன்.

மார்ச் 14, ஞாயிறு

மாசி முடிஞ்சுது. நாளைக்கு நிலா நோட்டைக் குடுக்கணும். நடுவுல வரையாத நாளுக்கு எல்லாம் ‘பார்க்கவில்லை’ன்னு எழுதிட்டேன். மார்க் கொறஞ்சா கொறையட்டும்.

காலையில எந்திரிச்சு வந்தா முத்தத்துல சாக்கு விரிச்சிருக்கு. சாக்கு நிறைய உளுந்து. பக்கத்துல ஸ்டூலைப் போட்டு, இளவெயில்ல பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு அம்மா உக்காந்திருக்கா.

“ஏம்மா இங்க உக்காந்திருக்கே?”

“கோழி வந்தா விரட்டணும்லா.”

எங்க தெருவுல கோழி கிடையாது. நானும் போய்ப் பக்கத்துல உக்காந்துக்கிட்டேன்.